மருந்தும் அறையும்

கனடா தேசத்தில், அமெரிக்க எல்லைக்குச் சிறிது வடக்கே, கோதுமை வயல்களைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தட்டுப்படாத பரந்த சமவெளியில், வேபர்ன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சஸ்காட்செவன் மாகாணத்தின் தலைநகரான ரெஜைனாவிலிருந்து தென்கிழக்காக நூறு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான தூரத்திலுள்ள அவ்வூரில், 1921-ஆம் ஆண்டில் மாகாண அரசாங்கம் ஒரு மனநோய் வைத்தியசாலையைக் கட்டித் திறந்தது. ஆயிரம் பேருக்கு உட்பட்ட நோயாளிகளை மனத்தில் கொண்டு கட்டப்பட்ட அந்தப் பிரம்மாண்டமான கட்டடத்தில், இருபத்தைந்து ஆண்டுகள் கழிவதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். கட்டில்களுக்கிடையே கால் வைக்க இடமில்லை. நிலவறையிலும் கட்டில் போட்டார்கள். உடல் வலுவுள்ள நோயாளிகள் வைத்தியசாலைக்குச் சொந்தமான பண்ணையில் உழைத்தார்கள். வலுவற்றோர் சுவரோரம் வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே ஆயுளைக் கழித்தார்கள். உலகத்தின் கண்ணில் படாமல் கிடந்த இந்த இடத்தில்தான், இருபதாம் நூற்றாண்டின் நடுவில், மாயத்தோற்றங்களை எழுப்பும் ஔஷதங்களைக் கொண்டு மனோவியாதிகளைத் தீர்க்கலாமா என்ற ஆராய்ச்சி ஒரு தசாப்த காலம் தீவிரமாக நடந்தது. இன்றைக்கு அதே ஆராய்ச்சி பெரிய சர்வகலாசாலைகளில் புதியதொரு துறையைப் போல நடைபெறுவதைக் காண்கிறோம். வேபர்னில் எழுந்து, விடை பெறாமலே நின்றுவிட்ட கேள்வி ஒன்றை அறியாதவர்களுக்கு இன்றைய ஆராய்ச்சியின் சிக்கல் விளங்காது என்பது என் அபிப்பிராயம்.

அவ்வூருக்கும் ராஜாங்க விவகாரங்களுக்கும் ஒரு விசேஷ சம்பந்தம் உண்டு. 1930-ல் வேபர்னிலிருந்த பாப்டிஸ்டு தேவாலயத்துக்குப் போதகராக வந்த டாமி டக்ளஸ் என்ற இளைஞர், வறட்சியும் பஞ்சமும் அச்சமவெளியை வாட்டியதைக் கண்ணாரக் கண்டு அரசியலில் இறங்கி, 1944-ல் மாகாணத்தின் முதல் மந்திரியானார். வட அமெரிக்காவில் அமைந்த முதல் சோஷலிஸ்டு அரசாங்கம் என்று அவருடைய மந்திரிசபையைச் சொல்வார்கள். இதே டக்ளஸ், 1933-ல் எம்.ஏ. பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில், புத்தி குறைந்தோர் என்று கருதப்பட்ட ஏழைக் குடும்பங்களுக்குக் கருத்தடை செய்யவேண்டும் என்று வாதித்தவர் என்பதையும் மறைப்பதற்கில்லை. அதிகாரம் கைக்கு வந்தபோது அவர் அந்த வழியில் செல்லவில்லை. அண்டை மாகாணமான ஆல்பர்ட்டா இயற்றிய கருத்தடைச் சட்டத்தைப் போன்ற ஒன்று சஸ்காட்செவனில் இயற்றப்படவே இல்லை. மாறாக, மனநோய்ச் சிகிச்சையைச் சீர்திருத்துவதற்குப் பணமும், ஆராய்ச்சி செய்ய வருவோருக்குச் சுதந்திரமும் கொடுத்தார். புகழ்பெற்ற வைத்தியர்கள் யாரும் அந்தக் குளிருக்கும் தனிமைக்கும் வர மாட்டார்கள் ஆகையால், பெயர் பெறாதவர்களை, அதிலும் தம் ஊரில் தம் யோசனைகளுக்குச் செவிகொடுப்பாரில்லாமல் தவித்தவர்களை, அந்த அரசாங்கம் வரவேற்றது.

அப்படித் தவித்தவர்களுள் ஒருவர் ஹம்ப்ரி ஆஸ்மண்ட். இங்கிலாந்தில் 1917-ல் பிறந்து, யுத்த காலத்தில் கடற்படை வைத்தியராக இருந்துவிட்டு, லண்டனில் செயிண்ட் ஜார்ஜ் வைத்தியசாலையில் பணியாற்றிய அவர், ஜான் ஸ்மித்தீஸ் என்ற நண்பருடன் சேர்ந்து மெஸ்கலின் என்ற பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தார். மெக்ஸிகோ தேசத்துப் பெயோட்டி என்னும் கள்ளிச் செடியிலிருந்து 1897-ல் ஜெர்மானியரான ஆர்தர் ஹெஃப்டர் பிரித்தெடுத்ததும், 1919-ல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் ஷ்பேட் ரசாயனசாலையிலேயே உண்டாக்கிக் காட்டியதுமான அந்தப் பொருளின் மூலக்கூற்றுக் கட்டமைப்பு, நம் சரீரத்தில் இயல்பாகவே சுரக்கும் அட்ரினலினின் கட்டமைப்பை ஒத்திருப்பதை இருவரும் கவனித்தார்கள். மெஸ்கலின் உண்டவனுக்கு இல்லாத உருவங்கள் தோன்றுகின்றன. மனச்சிதைவு நோயாளிக்கும் தோன்றுகின்றன. அப்படியானால் அந்நோயாளியின் உடம்பே, அட்ரினலினிலிருந்து வழிதவறி, மெஸ்கலினைப் போன்ற ஒரு நஞ்சைத் தயாரித்துக்கொள்கிறதோ? மனத்தின் ஆழத்தில் புதைந்த குழந்தைப் பருவ நினைவுகளைத் தோண்டுவதே மனோவைத்தியம் என்றிருந்த அக்காலத்து லண்டனில் இக்கேள்விக்கு மதிப்பில்லை. ‘லான்ஸெட்’ பத்திரிகையில் வந்த ஒரு வேலை விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பித்த ஆஸ்மண்ட், 1951-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மனைவியோடு வேபர்னில் வந்து இறங்கினார். இரண்டு ஆண்டுகளில் அந்த வைத்தியசாலைக்கே தலைவரானார்.

மாகாணத்தின் மனநோய் ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக ஏற்கெனவே அங்கே நியமிக்கப்பட்டிருந்தவர் ஏப்ரம் ஹாஃபர். ஆஸ்மண்டின் வயதினரே, ஆனால் அந்தச் சமவெளியின் மண்ணிலேயே, விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். விவசாய ரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்று, தானியங்களிலுள்ள வைட்டமின்களை ஆராய்ந்துவிட்டு, அதன்பின் வைத்தியம் படித்தவர். கற்பனை மிகுந்த ஆங்கிலேயரும் கணக்குத் தவறாத ரசாயனியும் சேர்ந்தார்கள். அட்ரினலின் கெட்டு உண்டாகும் அட்ரினோக்ரோம் என்ற பொருளே சித்தப்பிரமைக்கு மூலம் என்று ஊகித்து, அதைத் தங்கள் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்தார்கள். அதற்கு மாற்றாக நயாஸின் என்ற வைட்டமினை மிகுந்த அளவில் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, உண்பவருக்கும் கொடுப்பவருக்கும் எது மருந்து எது போலி என்று தெரியாதபடி மறைத்துவைத்துப் பார்க்கும் முறையை, மனோவைத்தியத்தில் முதன்முதலாகக் கையாண்டவர்கள் தாங்களே என்று பிற்காலத்தில் பெருமையுடன் சொல்லிக்கொண்டார்கள். வாசகர் இதை நினைவில் வைத்திருக்கவேண்டும். அந்த முறையே பின்னால் அவர்களுக்கு எதிரியாக வந்தது.

இதற்கிடையில் ஸ்விட்ஸர்லாந்திலிருந்து மெஸ்கலினைவிடப் பன்மடங்கு வீரியமுள்ள ஒரு பொருள் வந்து சேர்ந்தது. பாஸல் நகரத்து சாண்டோஸ் கம்பெனியின் ரசாயனி ஆல்பர்ட் ஹோஃப்மன், ரை என்னும் தானியக் கதிரில் பற்றும் எர்காட் பூஞ்சையின் சத்துக்களை ஆராயும்போது 1938-ல் உண்டாக்கிக் கிடப்பில் போட்ட எல்.எஸ்.டி.யை, 1943-ஆம் ஆண்டு ஏப்ரலில் மறுபடி உண்டாக்கினார். அந்தப் பூஞ்சையின் உறவினம் ஒன்று நம் கம்பங்கதிரிலும் பற்றும். நம் நாட்டில் அதைத் தேனொழுகல் நோய் என்பார்கள். ஹோஃப்மன் தாமே உட்கொண்டது ஒரு மில்லிகிராமில் கால் பங்கு. அதுவே மிகையாகிப்போய், சைக்கிளில் வீடு திரும்பும் வழியெல்லாம் உலகம் உருக்குலைந்து தோன்றியதை அவர் எழுதிவைத்திருக்கிறார். 1947-ல் வெர்னர் ஷ்டோல் என்ற ஜூரிச் வைத்தியர் அதன் குணங்களை முதன்முதலாக வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். அதன்பின் கம்பெனி, டெலிஸிட் என்ற பெயரில் அதைப் போத்தலிலடைத்து, ஆராய்ச்சி செய்ய விரும்பும் வைத்தியர்களுக்கு அனுப்பத் தொடங்கியது. அந்த நாளில் அது சட்ட விரோதமான பொருள் அன்று. தபாலில் வரும் சாதாரணச் சரக்கு.

வேபர்னின் பெயர் வெளியுலகுக்குத் தெரிந்ததற்குக் காரணம் ஆல்டஸ் ஹக்ஸ்லி என்ற நாவலாசிரியர். 1953-ஆம் ஆண்டு மே மாதம், லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த மனோவைத்தியர் மாநாட்டுக்குச் சென்ற ஆஸ்மண்ட், ஹக்ஸ்லியின் வேண்டுகோளுக்கிணங்கி அவர் வீட்டிலேயே நாலு டெசிகிராம் மெஸ்கலினைக் கொடுத்தார். அவ்வளவு பெரிய எழுத்தாளரைப் பித்தராக்கிய புண்ணியவான் என்ற பெயர் தமக்கு வந்துவிடக் கூடாதே என்று உள்ளூர நடுங்கினாராம். அடுத்த ஆண்டு ஹக்ஸ்லி அதைப் பற்றி எழுதிய சிறு நூல் உலகெங்கும் வாசிக்கப்பட்டது. ‘சைக்கடெலிக்’ என்று இன்று வழங்கும் சொல்லும் இவ்விருவரின் கடிதப் போக்குவரத்தில் பிறந்து, 1957-ல் ஆஸ்மண்ட் வாயிலாக நியூயார்க் விஞ்ஞான சபையில் அரங்கேறியதுதான். இலக்கியவாதிகள் இக்கதையையே மீண்டும் மீண்டும் சொல்வதால், வேபர்னில் நடந்த உண்மையான வேலை அதன் நிழலில் மறைந்துபோயிற்று.

அந்த வேலை குடிகாரர்களைப் பற்றியது. மதுவுக்கு அடிமையானவர்களுள் சிலர், நடுக்கச் சன்னி என்று சொல்லத்தக்க பயங்கரமான கட்டத்தை அடைந்து, பாம்பும் பூச்சியும் உடம்பின்மேல் ஊர்வதாகக் கண்டு அலறி, அதிலிருந்து பிழைத்தெழுந்த பின் குடியை அடியோடு விட்டுவிடுவதை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சன்னியில் உயிரிழப்போரும் பலர். உயிருக்கு ஆபத்தில்லாமல் அதே பயங்கரத்தை ஒரு நாள் மட்டும் காட்டிவிட்டால் என்ன என்று 1953-ல் ஆஸ்மண்டும் ஹாஃபரும் யோசித்தார்கள். ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் எல்.எஸ்.டி. கொடுக்கப்பட்டது. ஒருவர் உடனே குடியை நிறுத்தினார். மற்றவர் அப்போது நிறுத்தாமல், ஆறு மாதம் கழித்து நிறுத்தினார். இதைக் கொண்டு ஒன்றும் நிச்சயிக்க இயலாது என்பது அவர்களுக்கும் தெரியும். காலின் ஸ்மித் என்ற சகா, மிகவும் முற்றிய நிலையிலிருந்த 24 பேருக்குக் கொடுத்து 1958-ல் வெளியிட்ட முடிவில், பாதிப் பேர் நல்ல மாறுதலடைந்தனர், பாதிப் பேர் முன்போலவே இருந்தனர் என்று கண்டிருக்கிறது.

ஆனால் எதிர்பாராத விஷயம் ஒன்று நடந்தது. வேபர்னின் பெருமை அதைக் கவனித்ததிலேதான் இருக்கிறது. நோயாளிகள் பயந்துபோய்த் திருந்தவில்லை. தங்களைத் தாங்களே வெளியே நின்று பார்த்ததாகவும், மனைவி மக்களுக்குத் தாங்கள் இழைத்த தீங்கு முதன்முறையாக நெஞ்சில் தைத்ததாகவும், சிலர் தெய்வ சாந்நித்தியத்தை உணர்ந்ததாகவும் சொன்னார்கள். சன்னியைப் போலச் செய்து காட்டுவது என்ற சித்தாந்தம் அத்துடன் வீழ்ந்தது. தாங்கள் கட்டிய சித்தாந்தம் நோயாளியின் வாய்மொழிக்கு முன் நில்லாது என்று கண்டவுடன் அதைக் கைவிடும் துணிவு வைத்தியர்களிடம் அடிக்கடி காணக்கூடிய குணம் அன்று. பயங்கரம் பயன் தரவில்லை, தெளிவுதான் பயன் தந்தது என்றால், தெளிவு வரும்படியான சூழ்நிலையை அமைக்க வேண்டுமல்லவா? வைத்தியசாலையின் வெள்ளைச் சுவரும், கேள்வித்தாளுடன் வந்து நிற்கும் உதவியாளரும் நோயாளியைச் சந்தேகத்திலும் கலவரத்திலும் தள்ளுவதைக் கண்டார்கள். அதற்குப் பதிலாக மெத்தென்ற சாய்மானமுள்ள அறை, மலர்கள், ஓவியங்கள், இசைத்தட்டுகள் ஆகியவற்றைக் கொண்டு வந்தார்கள். இந்த ஏற்பாட்டைக் கற்றுக்கொடுத்தவர்களுள் ஆல் ஹப்பார்டு என்றொரு விசித்திர மனிதரும் உண்டு. மதுவிலக்குக் காலத்தில் சியாட்டில் நகரத்து மதுக் கடத்தல் கோஷ்டியோடு சம்பந்தப்பட்டிருந்தவர், வயது முதிர்ந்தபின் குடிகாரரைத் திருத்தும் சிகிச்சைக்கு அறை அலங்கரித்துக் கொடுத்தார் என்பது விதியின் விளையாட்டு என்றுதான் சொல்லவேண்டும்.

டங்கன் ப்ளூயெட், நிக் சுவெலாஸ் என்ற இருவர் 1959-ல் எழுதிய கைநூலில் இம்முறை விரிவாக வகுக்கப்பட்டது. முன்கூட்டியே நோயாளியோடு பல முறை பேசிப் பரிசயம் செய்துகொள்ள வேண்டும். அவனை ஒரு கணமும் தனியே விடக் கூடாது. அதட்டவோ, அளக்கவோ, குறுக்குக் கேள்வி கேட்கவோ கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து கொடுப்பவர் தாமே அதை உண்டு அறிந்தவராயிருக்க வேண்டும். இக்கடைசி விதியை அவர்கள் வாயளவில் சொல்லவில்லை. வைத்தியர்களும், அவர்களுடைய மனைவியரும், வேபர்னின் மனநோய்த் தாதியர் பலரும் அந்த அனுபவத்தைத் தாங்களே பெற்றுப் பார்த்தார்கள். நோயாளியின் உலகத்துக்குள் சில மணி நேரம் சென்று திரும்பிய தாதி அவனிடம் முன்போல் முரட்டுத்தனமாக நடக்க மாட்டாள் என்பது எண்ணம்.

1956-ஆம் ஆண்டு அக்டோபரில், இக்குழுவினர் நார்த் பாட்டில்ஃபோர்டு நகரத்துக்கு அருகே ரெட் ஃபெஸன்ட் என்ற ஆதிகுடியினரின் குடியிருப்புக்குச் சென்றார்கள். அமெரிக்க ஆதிகுடித் திருச்சபையினர் பெயோட்டியைப் பிரசாதமாக உண்டு இரவு முழுவதும் நடத்தும் வழிபாட்டைக் கனடா அரசாங்கம் தடுக்க எண்ணிய சமயம் அது. பத்திரிகைகள் அதைக் காட்டுமிராண்டிகளின் போதைக் கூத்து என்னும் பாணியில் எழுதிவந்தன. திருச்சபையார் வைத்தியர்களை நேரில் வந்து பார்க்கும்படி அழைத்தார்கள். ஹாஃபரும் ப்ளூயெட்டும் பார்வையாளராக இருக்க, ஆஸ்மண்ட் மற்றவர்களோடு அமர்ந்து தாமும் உண்டார். கூம்பு வடிவான கூடாரத்தின் நடுவில் அக்கினி. முறைப்படி கைமாறும் மேளம். ஒருவர் பாட, அடுத்தவர் பாட, விடியும்வரை தொடரும் பிரார்த்தனை. ஒழுங்கு பிறழாமல் நடத்திச் செல்லும் தலைவர். சஸ்காட்டூன் நகரத்துப் பத்திரிகையில் அந்நிகழ்ச்சி புகைப்படங்களுடன் வெளிவந்தது. திருச்சபையில் சேர்ந்து குடியை விட்டவர்கள் பலர் அக்கூட்டத்தில் இருந்தார்கள். வேபர்னின் வைத்தியர்கள் ஐந்தாண்டுகள் தட்டித் தடவிக் கண்டடைந்த அறையலங்காரமும் துணையாளும் சங்கீதமும், அந்தக் கூடாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சம்பிரதாயமாக நிலவிவந்தன. ஹாஃபரின் சகோதரியான ஃபானி கான், அவ்வழிபாட்டுக்கு ஆதரவாகத் தொகுத்த நூலை அக்காலத்தில் அச்சிடுவாரில்லை. அறுபது ஆண்டுகள் கழித்து 2016-லேதான் அது வெளிவந்தது.

அறையைப் பற்றிய இந்தச் சிந்தனை மருந்து கொடுக்கும் ஒரு நாளோடு நிற்கவில்லை. ரெஜைனாவில் தொழில் நடத்திய ஜப்பானிய வம்சத்துக் கட்டடக் கலைஞர் கியோ இசுமி என்பவர், மனநோயாளிகளுக்குப் புதிய கட்டடம் வரைவதற்கு முன், எல்.எஸ்.டி.யை உட்கொண்டு வேபர்னின் கூடங்களில் நடந்து பார்த்தார். முடிவில்லாமல் நீளும் நடைபாதை மிரட்டியது. பளபளக்கும் ஓடு பதித்த சுவர்கள் பிம்பங்களை எழுப்பின. கதவில்லாத அலமாரியின் இருள் வாய் பிளந்த மிருகமாய்த் தோன்றியது. கால் தரையில் எட்டாத உயரத்தில் அமைந்த கட்டில், படுத்தவனை அந்தரத்தில் விட்டது. கடிகாரமும் நாட்காட்டியும் கண்ணில் படாததால் காலமே கரைந்துபோயிற்று. நோயாளிகள் சொல்லும்போது பிதற்றலென்று தள்ளப்பட்ட முறையீடுகளெல்லாம் கட்டடத்தின் மீதான நியாயமான புகார்கள் என்று அவருக்கு விளங்கியது. அவர் வரைந்த திட்டப்படி 1960-களின் நடுவில் யார்க்டன் என்னும் ஊரில் எழுந்த மனநோய் நிலையம், நீண்ட தாழ்வாரங்களைத் தவிர்த்து, சிறு சிறு இல்லங்களாகப் பிரிக்கப்பட்டது. அதே வேபர்னில் ராபர்ட் ஸோமர் என்ற உளவியலாளர், முதிய பெண்கள் இருக்கும் கூடத்தில் சுவரோரத்து நாற்காலிகளை எடுத்துச் சிறு மேஜைகளைச் சுற்றிப் போட்ட மாத்திரத்தில், வாய் திறவாதிருந்தவர்கள் பேசத் தொடங்கியதைப் பதிவு செய்தார். இந்த அத்தியாயத்தை மருந்தின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். என் மனத்துக்கு, வேபர்ன் செய்த வேலைகளுள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிலைத்தது இதுவே.

இவ்வளவு சொன்னதால் அந்த வைத்தியர்களைக் குற்றமற்றவர்களாக வரைகிறேன் என்று எண்ணவேண்டாம். தங்கள் வெற்றியைத் தாங்களே அளந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டத்தைப் பல சமயம் வைத்துக்கொள்ளவில்லை. மருந்தின்மீது அவர்களுக்கிருந்த உற்சாகம் நோயாளிக்கும் தொற்றியிருக்கக் கூடும். மதுவை விட்டவர்களின் சங்கத்தைத் தோற்றுவித்த பில் வில்சனே 1956-ல் லாஸ் ஏஞ்சலிஸில் எல்.எஸ்.டி. உண்டு அதை மெச்சியதும் அவர்களுடைய நம்பிக்கையை இன்னும் ஏற்றியது. இத்தகைய நம்பிக்கையைச் சோதிப்பதற்கென்றே ஒரு புதிய அளவுகோல் அந்த ஆண்டுகளில்தான் வைத்திய உலகில் அரசு செலுத்தத் தொடங்கியது. 1948-ல் பிரிட்டனில் க்ஷயரோகத்துக்கு ஸ்ட்ரெப்டோமைஸினைச் சோதித்தபோது, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கி ஒப்பிட்ட முறை பிரசித்தி பெற்றது. 1955-ல் அமெரிக்கரான ஹென்றி பீச்சர், வெறும் போலி மாத்திரையே எத்தனை நோய்களைத் தணித்துவிடுகிறது என்று எடுத்துக்காட்டினார். பிறகு வந்தது தாலிடமைடு என்ற பேரிடர். கர்ப்பிணிகள் உண்ட அம்மாத்திரையினால் கையும் காலும் குறைபட்ட குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்ததைக் கண்டு உலகம் திடுக்கிட்டது. அமெரிக்காவில் அதற்கு அனுமதி கொடாமல் தடுத்து நின்ற பிரான்ஸெஸ் கெல்ஸி கனடாவிலே பிறந்தவர். 1962-ல், மருந்தின் பலனைக் கட்டுப்பாடான சோதனைகளால் நிரூபித்தாலன்றி விற்க முடியாது என்று அமெரிக்கா சட்டமியற்றியது. கனடா, தாலிடமைடையும் எல்.எஸ்.டி.யையும் ஒரே அட்டவணையில் சேர்த்து விற்பனையைத் தடை செய்தது. அனுமதி பெற்ற ஆராய்ச்சி நிலையங்களுக்கு மட்டும் விலக்கு. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பயந்த சட்டசபைகள் நிதானித்துப் பிரித்துப் பார்ப்பதில்லை.

புதிய அளவுகோலைக் கொண்டு வேபர்னின் பேச்சைச் சோதிக்க முன்வந்தது டொரான்டோ நகரத்து மதுப்பழக்க ஆராய்ச்சி நிலையம். ரெஜினால்ட் ஸ்மார்ட்டும் அவருடைய சகாக்களும் 1966-ல் வெளியிட்ட சோதனையில் முப்பது நோயாளிகள் இருந்தார்கள். பத்துப் பேருக்கு 800 மைக்ரோகிராம் எல்.எஸ்.டி., பத்துப் பேருக்கு நெஞ்சைப் படபடக்கச் செய்யும் எஃபிட்ரின், மீதிப் பத்துப் பேருக்கு இரண்டும் இல்லை. சூழ்நிலையின் செல்வாக்கு கலந்துவிடக் கூடாதென்று, மலரும் சங்கீதமும் விலக்கப்பட்டன. மருந்துண்டவரைக் கட்டிலோடு வார்ப்பட்டையால் பிணைத்தார்கள். அந்த நிலையிலேயே கேள்விகள் கேட்கப்பட்டன. பல மாதம் கழித்து விசாரித்ததில் மூன்று கூட்டத்தாருக்கும் பெரிய வித்தியாசமில்லை. மருந்தினால் பயனில்லை என்று டொரான்டோக்காரர்கள் முடிவு கட்டினார்கள். பக்கவாத்தியமும் சபையும் இல்லாமல், வித்துவானைத் தூணில் கட்டிவைத்துப் பாடச்சொல்லி, இவருக்குச் சங்கீதம் வராது என்று தீர்ப்பளித்ததைப் போலிருக்கிறதே என்று சஸ்காட்செவன்காரர்கள் கொதித்தார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. மருந்தென்பது தனிப்பொருள், அதன் பலனை மற்றெல்லாவற்றிலிருந்தும் பிரித்துத்தான் அறியவேண்டும் என்பது ஒரு கட்சி. பிரித்த மாத்திரத்தில் அந்த மருந்து வேறு மருந்தாகிவிடுகிறது என்பது மற்றக் கட்சி. தவிர, ஒளித்துவைத்துச் சோதிப்பது என்ற சூத்திரமே இங்கே பலிப்பதில்லை. 800 மைக்ரோகிராம் உண்டவனுக்குத் தான் உண்டது எஃபிட்ரின் அன்று என்பது ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். பக்கத்தில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும்.

இவ்வாதம் முற்றி முடிவதற்கு முன்னரே மேடை கலைந்தது. ஹார்வர்டில் டிமதி லியரி என்ற உளவியலாளர் இம்மருந்துகளைக் கொண்டு நடத்திய ஆரவாரமும், இளைஞர் உலகில் எல்.எஸ்.டி. பரவிய வேகமும் எல்லாரும் அறிந்த கதை. சாண்டோஸ் கம்பெனி 1966-ல் அமெரிக்காவுக்கு மருந்து அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. 1971-ல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை உலக முழுமைக்கும் தடையை விரித்தது. தடையினாலேயே ஆராய்ச்சி மாண்டது என்பது இன்று பலர் சொல்லும் கதை. அது பாதி உண்மை. மேரிலாந்து மாகாணத்தின் ஸ்ப்ரிங் குரோவ் வைத்தியசாலையில் அரசாங்க அனுமதியுடனேயே 1970-களின் நடுப்பகுதி வரை சோதனைகள் நடந்தன. புதிய அளவுகோலுக்கு முன் ஐயமறத் தேறிக் காட்டாத மருந்துக்கு ஆதரவு தேய்ந்துகொண்டே போயிற்று. மனநோய் வைத்தியசாலைகளுக்கோ, குளோர்ப்ரோமஸின் என்ற மாத்திரையும், நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த ரெஸர்பினும் வந்துவிட்டன. இவற்றைக் கொடுப்பதற்கு மலரும் சங்கீதமும் வேண்டாம். பகல் முழுவதும் அருகிலிருக்கும் துணையும் வேண்டாம். இரண்டாயிரம் பேருக்கும் ஒரே வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்துவிடலாம். ஆஸ்மண்ட் 1961-ல் வேபர்னை விட்டுப் போய், பின்னர் அமெரிக்காவில் குடியேறி 2004-ல் காலமானார். ஹாஃபர் 1967-ல் அரசாங்க உத்தியோகத்தை உதறிவிட்டு, வைட்டமின் சிகிச்சையை முழங்கிக்கொண்டிருந்தார். அட்ரினோக்ரோம் சித்தாந்தம் நிலைக்கவில்லை. வைட்டமினின் பலனையும் அமெரிக்க மனோவைத்தியர் சங்கத்தின் குழு 1973-ல் மறுத்துவிட்டது. ஹாஃபர் இறந்த 2009-ஆம் ஆண்டிலேயே வேபர்ன் கட்டடமும் இடிக்கப்பட்டது.

2006-ல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் ராலண்ட் கிரிஃபித்ஸ் என்ற மருந்தியல் ஆராய்ச்சியாளர், காளானிலிருந்து கிடைக்கும் சைலோசைபினை 36 பேருக்குக் கொடுத்து ஓர் ஆய்வை வெளியிட்டபோது, இத்துறை மறு ஜன்மம் எடுத்தது. காப்பியும் தூக்க மாத்திரையும் மனிதரை எப்படி அடிமைப்படுத்துகின்றன என்று ஆண்டுக்கணக்காக அளந்து பெயர் பெற்றவர் அவர்; உற்சாகிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர் என்பதால் அவர் சொன்னதற்கு மதிப்பிருந்தது. ஒப்பீட்டுக்கு மெதில்ஃபெனிடேட் என்ற ஊக்க மருந்தை வைத்துக்கொண்டார். ஆனால் அறைக்குள் மருந்துண்டவரின் பக்கத்தில் உட்கார்ந்தவர், ஸ்ப்ரிங் குரோவில் பழகிய பில் ரிச்சர்ட்ஸ். 2008-ல் அவர்கள் வெளியிட்ட பாதுகாப்பு நெறிமுறையில், வீட்டுக் கூடம்போன்ற அறையும், முன்பரிசயமும், இசையும், விட்டு நீங்காத இரண்டு துணையாட்களும் விதிக்கப்பட்டிருக்கின்றன. தானே உண்டு பார்த்திருக்க வேண்டும் என்ற பழைய விதி மாத்திரம் காணாமற்போய்விட்டது. இக்காலத்து ஆராய்ச்சி சபைகளுக்கு அது ஒவ்வாது.

பழைய கணக்குகளையும் புதிதாகக் கூட்டிப் பார்த்தார்கள். நார்வே தேசத்து ஆராய்ச்சியாளர் இருவர் 2012-ல், குடிப்பழக்கத்துக்கு எல்.எஸ்.டி. கொடுத்து முற்காலத்தில் நடந்த சோதனைகளுள் குலுக்கல் முறைப்படி நடந்த ஆறினை மட்டும் பொறுக்கியெடுத்தார்கள். மொத்தம் 536 பேர். மருந்துண்டவருள் நூற்றுக்கு 59 பேரும், மற்றவருள் 38 பேரும் முன்னேற்றமடைந்திருந்தனர்; ஓராண்டு கழியும்போது அந்த வித்தியாசம் மங்கியிருந்தது. தனித்தனியே பார்த்தபோது பயனில்லை என்று தள்ளப்பட்ட சோதனைகள் சேர்த்துப் பார்த்தபோது ஒரு பயனைக் காட்டின. வார்ப்பட்டை கட்டிய டொரான்டோச் சோதனையும் அந்த ஆறில் ஒன்று.

மருந்தியலும் இதற்குள் வெகுதூரம் வந்திருந்தது. எல்.எஸ்.டி.க்கும் செரட்டோனின் என்ற மூளைச் சுரப்புக்கும் உறவுண்டு என்று 1954-லேயே நியூயார்க்கில் வுல்லியும் ஷாவும் சொன்னார்கள். 1998-ல் ஜூரிச்சில் ஃப்ரான்ஸ் வோலன்வைடர் குழுவினர், செரட்டோனினின் ஒரு குறிப்பிட்ட ஏற்பியைக் கெடான்ஸெரின் என்ற மருந்தால் அடைத்துவிட்டால், சைலோசைபின் உண்டவனுக்கு மாயத்தோற்றமே எழுவதில்லை என்று மனிதரில் காட்டினார்கள். 2017-ல் அதே ஜூரிச்சில் நடந்த மற்றொரு சோதனையை இங்கே சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். பங்கு கொண்டோருக்கு அர்த்தமுள்ள பாட்டுகளையும் அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே தோன்றாத பாட்டுகளையும் தேர்ந்து, எல்.எஸ்.டி. கொடுத்துக் கேட்கச் செய்தபோது, பொருட்டாகத் தோன்றாதவையும் ஆழ்ந்த அர்த்தமுள்ளவையாகத் தோன்றின. அந்த ஏற்பியை அடைத்தபோது அவை பழையபடி வெறும் பாட்டுகளாயின. அறையில் ஒலிக்கும் சங்கீதத்துக்குப் பொருளேற்றுவதே மருந்தின் வேலைகளுள் ஒன்றென்றால், மருந்தையும் அறையையும் பிரித்துப் பார்ப்பதெப்படி? வேபர்ன்காரர்கள் அனுபவத்தால் சொன்னதற்கு ரசாயனத்திலேயே ஓர் ஆதாரம் கிடைத்துவிட்டது. டொரான்டோக்காரர்கள் கேட்ட நிரூபணம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

2022-ல் நியூயார்க் சர்வகலாசாலையைச் சேர்ந்த மைக்கேல் போகன்ஷுட்ஸ் வெளியிட்ட சோதனை, ஆஸ்மண்ட் தொடங்கிய அதே குடிப்பழக்கத்தைப் பற்றியது. சைலோசைபின் உண்டவர்கள், அதன்பின் வந்த எட்டு மாத காலத்தில் நூற்றுக்குப் பத்து நாட்களுக்குச் சற்றுக் குறைவாகவே மிகையாகக் குடித்தார்கள். மறைத்துக் கொடுத்த ஒவ்வாமை மருந்தை உண்டவர்களோ ஏறக்குறைய இருபத்துநாலு நாட்கள். இரு கூட்டத்தாருக்கும் உளவியல் துணையும் அறையும் ஒன்றே. ஆனால் எதைக் கொடுத்தார்கள் என்று ஊகிக்கச் சொன்னபோது, பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் சரியாகச் சொல்லிவிட்டார்கள். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க மருந்து நிர்வாகம், எம்.டி.எம்.ஏ. என்ற வேறொரு பொருளைக் கொண்டு மனக்காயத்துக்குச் செய்யும் சிகிச்சைக்கு அனுமதி மறுத்தது. அதற்குமுன் நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு கூடி விவாதித்தபோது எழுந்த ஆட்சேபணைகளுள், யார் எதை உண்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்றே என்பது முக்கியமான ஒன்று.